பழைய மினி கணினி: வாங்குவது முதல் ஓட வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

1960, 70களில் ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஓடிய, ரேக்கில் மாட்டும் பெரிய பெட்டிதான் இங்கே மினி கணினி. அப்படி ஒன்று வீடு வந்து சேர்ந்ததும் எவருக்கும் வரும் முதல் ஆசை, பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது. இந்த வழிகாட்டியில் சுவிட்ச் ஐந்தாவது படியில்தான் வருகிறது. அப்போதும் உள்ளே ஒரு போர்டுகூட இருக்காது.

காரணம் எளிது. நாற்பது ஐம்பது வருடம் சும்மா கிடந்த இயந்திரத்தில் பவர் சப்ளை, பஸ் (போர்டுகளை இணைக்கும் பொதுக் கம்பிகள்), மெமரி, டிஸ்க் என எந்த அடுக்கிலும் பழுது இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக ஓட விட்டால் பழுது எங்கே என்றே தெரியாது. கெட்டுப்போன பவர் சப்ளையாக இருந்தால் நல்ல போர்டுகளையும் அது சேர்த்து எரித்துவிடும். ஒரு நேரத்தில் ஓர் அடுக்கு. அது சரி என்று உறுதியான பிறகே அடுத்தது. கீழே உள்ள வரிசை முழுவதும் இதை வைத்துத்தான் போகிறது.

உதாரணங்களுக்கு டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பிடிபி-11 வரிசையில் யூனிபஸ் என்ற பஸ்ஸைக் கொண்ட 11/05, 11/34, 11/40 மாதிரிகளை எடுத்துக்கொள்கிறேன். பிடிபி-8/இ, டேட்டா ஜெனரல் நோவா, எச்பி 2100 என எது கிடைத்தாலும் வரிசை இதுதான். எண்களும் பெயர்களும் மட்டும் மாறும்.

1. வாங்கும் முன்பே தயாராக வேண்டியவை

முதலில் ஆவணம். நீங்கள் குறிவைக்கும் மாதிரியின் பராமரிப்புக் கையேடும் முழு சர்க்யூட் வரைபடமும் கிடைக்கிறதா என்று பாருங்கள். பிட்சேவர்ஸ் இணைய ஆவணக் களஞ்சியத்தில் டெக், டேட்டா ஜெனரல், எச்பி இயந்திரங்களுக்கு ஏராளமாக உண்டு. வரைபடம் கிடைக்காத இயந்திரத்தை முதல் இயந்திரமாக எடுக்காதீர்கள். பழுது வந்தால் ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து, பழைய இயந்திரங்களை இன்றைய கணினிக்குள் போலி செய்து ஓட்டும் சிம்எச் எமுலேட்டரில் அதே மாதிரியை ஓட்டிப் பழகுங்கள். எட்டடிமான எண்கள் (0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள்), முகவரிகள், பூட் ஆகும் விதம் எல்லாம் கைக்குப் பழகியிருந்தால், நிஜ இயந்திரம் தவறாக நடக்கும்போது அது பழுதா, நம் அறியாமையா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

கருவிகளில் நல்ல மல்டிமீட்டர், இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப், மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளை, உறிஞ்சும் வசதியுள்ள சால்டரிங் கருவி, பெரிய வாட் ரெசிஸ்டர்கள் சில போதும். சிக்னல் உயர்வா தாழ்வா என்று மட்டும் விளக்கில் காட்டும் லாஜிக் ப்ரோபை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பாதி செத்த சிப் தரும் இரண்டுங்கெட்டான் வோல்டேஜை ஆசிலோஸ்கோப்தான் உள்ளபடி காட்டும்.

2. எதை வாங்குவது, எதை விடுவது

இவை பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வகங்கள், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகள், ஓய்வுபெற்ற பொறியாளர்களின் கிடங்குகள், ஏலங்கள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. நிறுவனத்திடமிருந்து எடுத்தால், சொத்துப் பதிவேட்டிலிருந்து நீக்கியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல அது வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பளபளக்கும் முன் பேனலைப் பார்த்து மயங்குகிறார்கள். பேனலைவிட உள்ளே இருக்கும் போர்டுகள் முக்கியம். தங்கத்துக்காக போர்டுகளை உருவி விற்றுவிட்டு வெறும் கூட்டை விற்பது சகஜம். அதனால் பணம் பேசுவதற்கு முன் ஒவ்வொரு போர்டின் கைப்பிடியும் தெரியும்படி படம் கேளுங்கள். டெக் போர்டுகளின் கைப்பிடியிலேயே எண் அச்சாகியிருக்கும். 11/34ஏ என்றால் எம்8265, எம்8266 இரண்டும் இருக்க வேண்டும். அவை இரண்டும் சேர்ந்துதான் பிராசசர். ஒன்று இல்லையென்றால் அது இயந்திரம் அல்ல, உதிரிப் பெட்டி. அதற்குத் தகுந்த விலைதான் கொடுக்க வேண்டும்.

நேரில் பார்க்க முடிந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

- போர்டுகள் செருகும் பேக்பிளேனின் பின்பக்க ஊசிகள் வளைந்து ஒன்றோடொன்று தொடுகின்றனவா
- எலி குடியிருந்த தடயம் உண்டா (எலியின் சிறுநீர் செம்புத் தடங்களையும் சிப் கால்களையும் அரித்துவிடும், அப்படி அரித்த போர்டைக் காப்பாற்றுவது பெரும்பாடு)
- பெட்டிகளுக்கு இடையே ஓடும் கேபிள்கள் இருக்கின்றனவா, வெட்டப்பட்டுள்ளனவா
- டிஸ்க் டிரைவ்களோடு கார்ட்ரிட்ஜ்கள் (கழற்றி மாற்றும் டிஸ்க் தட்டுகள்) வருகின்றனவா

கேபிளைத்தான் பலரும் மறந்துவிட்டு வருகிறார்கள். இயந்திரத்தை எடுக்கும்போது சுவரோரம் சுருண்டு கிடக்கும் கேபிள், கையேடு, காகித நாடா, சாவி எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளுங்கள். சாவி கிடைக்காவிட்டால் மட்டும் கவலை வேண்டாம். டெக் பேனல்களில் பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்2247 என்ற ஒரே குழாய்ச் சாவிதான். அது இன்றும் கிடைக்கிறது.

முதல் இயந்திரம் என்றால் என் சிபாரிசு: பிராசசர் பெட்டி மட்டும், டிஸ்க் டிரைவ் இல்லாமல். டிரைவ் என்பது தனி இயந்திரம், தனிப் படிப்பு. அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

3. எடுத்து வருவது

ரேக்கை அப்படியே சாய்த்து வண்டியில் ஏற்ற நினைக்காதீர்கள். ஆர்கே05 என்ற டெக் டிஸ்க் டிரைவ் ஒன்றே ஏறக்குறைய 50 கிலோ. மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றுங்கள். கீழுள்ளதை முதலில் எடுத்தால் ரேக் தலைகனத்துச் சாயும். ஒரு பெட்டியைச் சறுக்குச் சட்டத்தில் முன்னே இழுக்கும் முன் ரேக்கின் முன்கால்களை வெளியே நீட்டுங்கள். இந்தக் காலை மறந்து பெட்டியை இழுத்தால் ரேக் முழுவதும் ஆள்மேல் வரும்.

டிரைவிலிருந்து கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துத் தனியே கட்டுங்கள். ஹெட் நகரும் பகுதியைப் பூட்டக் கையேட்டில் சொன்ன திருகைப் போடுங்கள். பூட்டாமல் வண்டி குலுங்கினால் ஹெட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். எந்தக் கேபிள் எங்கிருந்து வந்தது என்று இரு முனைகளிலும் சீட்டு ஒட்டுங்கள். அன்று நினைவிருக்கும், அடுத்த வாரம் இருக்காது.

4. படம் எடுத்து, பிறகு சுத்தம்

ஒவ்வொரு போர்டும் எந்த ஸ்லாட்டில், எந்தத் திசையில் இருந்தது, அதிலுள்ள சிறு சுவிட்சுகளும் ஜம்பர்களும் எப்படி இருந்தன என்று படம் எடுத்து, காகிதத்திலும் எழுதுங்கள். அந்த இயந்திரம் கடைசியாக வேலை செய்த அமைப்பு அதுதான். வேறெங்கும் அது எழுதப்பட்டிருக்காது.

பிறகு போர்டுகளை வெளியே எடுத்து மென்மையான பிரஷ்ஷாலும் தூசு உறிஞ்சியாலும் சுத்தம் செய்யுங்கள். விளிம்பிலுள்ள தங்கத் தொடுபுள்ளிகளைப் பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். ரப்பரால் தேய்ப்பது பரவலான தவறு. மேலே உள்ள மெல்லிய தங்கப் பூச்சை அது தேய்த்தெடுத்துவிடும். பூச்சு போனால் அடியிலுள்ள உலோகம் கறுத்து, தொடர்பு விட்டுவிட்டு வரும். அந்த மாதிரிப் பழுதைத் தேடுவதுபோல் அலுப்பான வேலை வேறில்லை.

காற்று வடிகட்டியிலும் டிரைவ்களிலும் உள்ள ஃபோம் இதற்குள் பிசுபிசுப்பாகவோ பொடியாகவோ ஆகியிருக்கும். தயங்காமல் முழுவதும் சுரண்டி எடுத்துவிடுங்கள். விசிறி சுழன்றதும் அந்தப் பொடி இயந்திரம் முழுக்கப் பரவும். நிக்கல்-காட்மியம் பேட்டரி கண்ணில் பட்டால் அன்றே வெட்டி எடுங்கள். ஆர்கே05இல் மின்சாரம் போனால் ஹெட்டைப் பின்னிழுக்க அப்படியொரு பேட்டரித் தொகுப்பு உண்டு. கசிந்திருந்தால் சுற்றியுள்ள தடங்களையும் துடைத்துச் சோதியுங்கள்.

கோர் மெமரி போர்டின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே தலைமுடி அளவுக் கம்பிகளில் ஃபெர்ரைட் வளையங்கள் கோத்திருக்கும். அங்கே துடைக்க எதுவும் இல்லை. கெடுக்கத்தான் நிறைய இருக்கிறது. மின்சாரம் இல்லாமலே கோர் மெமரி நினைவை வைத்திருக்கும் என்பதால், பழைய உரிமையாளரின் நிரல் இன்னும் அதில் இருக்கலாம். இயந்திரம் எழுந்ததும் அதைப் படித்துச் சேமிக்கும் வரை அந்தப் போர்டில் எதையும் எழுதாதீர்கள்.

5. பவர் சப்ளை: தனியாக, போர்டுகள் இல்லாமல்

நேரம் எவ்வளவு ஆனாலும் அவசரப்படக் கூடாத படி இது. ஒரு முன்னெச்சரிக்கை: உள்ளே மெயின்ஸ் வோல்டேஜ் திறந்த முனைகளில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜோடு இருக்கும். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். இதில் பழக்கமில்லை என்றால் பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். மெயின்ஸ் ஃபில்டரில் உலோகம் பூசிய காகிதக் கெப்பாசிட்டர் இருந்து அதன் உறையில் விரிசல் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் அது புகையும். எர்த் கம்பி கூடு வரை தொடர்கிறதா, வோல்டேஜ் தேர்வு 115க்கா 230க்கா, ஃப்யூஸ் சரியான அளவா என்று சோதியுங்கள். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருப்பதும் உண்டு.

அடுத்து பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். 'பழையது, எல்லாவற்றையும் மாற்று' என்று ஒரு கட்சி, 'எதையும் தொடாதே' என்று ஒரு கட்சி. நான் அளந்து பார்த்து முடிவு செய்யும் கட்சி. டப்பா அளவு பெரிய கெப்பாசிட்டர்கள் பல இன்னும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நெடுநாள் சும்மா இருந்ததில் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். முழு வோல்டேஜை ஒரேயடியாகக் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் ஏறி, சூடாகி, வெடிக்கலாம்.

அதனால் ஒவ்வொன்றையும் கழற்றி, 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து, பெஞ்ச் சப்ளையிலிருந்து அதன் அனுமதிக்கப்பட்ட வோல்டேஜைக் கொடுங்கள். ரெசிஸ்டரின் குறுக்கே மீட்டரை வையுங்கள். அங்கே 1 வோல்ட் காட்டினால் கசிவு 0.1 மில்லிஆம்பியர் என்று பொருள். நல்ல கெப்பாசிட்டரில் இந்த எண் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். படலம் மறுபடி வளர்கிறது. எண் இறங்காமல் ஓரிடத்தில் நின்றாலோ, டப்பா வெதுவெதுப்பானாலோ அதை மாற்றிவிடுங்கள். படலம் வளர்ந்த பிறகு, சார்ஜை இறக்கிவிட்டு, கொள்ளளவையும் உள்தடையையும் அளந்து எழுதி வையுங்கள்.

இனி டம்மி லோடு. 11/34, 11/40 காலத்துப் பெட்டிகள் பலவற்றில் 5 வோல்ட்டைத் தருவது எச்744 என்ற ரெகுலேட்டர், 25 ஆம்பியர் வரை. இதன் வெளியீட்டில் 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டினால் 5 ஆம்பியர் இழுக்கும், 25 வாட் சூடு. போர்டுகளுக்குப் பதில் இதை வைத்துத்தான் முதல் முறை சுவிட்சைப் போட வேண்டும். இந்தப் போர்டுகளில் நிறைந்திருக்கும் டிடிஎல் வகை லாஜிக் சிப்புகள் எதிர்பார்ப்பது 4.75 முதல் 5.25 வோல்ட். 7 வோல்ட்டைத் தாண்டினால் அவை தாங்காது. ரெகுலேட்டர் பழுதானால் வோல்டேஜ் மேலே எகிறக்கூடும். அந்த எகிறலை உங்கள் ரெசிஸ்டர் தாங்கும், நூற்றுக்கணக்கான சிப்புகள் தாங்காது.

லோடோடு அரை மணி நேரம் ஓடட்டும். வோல்டேஜ் நகர்கிறதா, ஆசிலோஸ்கோப்பில் சிற்றலை எவ்வளவு என்று பாருங்கள். சரிசெய்யும் சிறு திருகை மெல்லத் தொட்டுத் திருப்புங்கள். பழைய திருகுகளில் உள்தொடர்பு விட்டு வோல்டேஜ் துள்ளுவது வழக்கம். துள்ளினால் அதை இப்போதே மாற்றுங்கள். பிறகு -15, +15 என மற்ற வெளியீடுகளுக்கும் இதையே செய்யுங்கள்.

மெயின்ஸ் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் பற்றி ஒரு வார்த்தை. டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட நேரியல் சப்ளைக்கு வோல்டேஜை மெல்ல ஏற்றுவது சரி. மெயின்ஸை நேரடியாகச் சுவிட்ச் செய்யும் பிற்கால சப்ளைகளுக்கு அது ஆகாது. உள்ளீடு குறையக் குறைய அவை அதிக மின்னோட்டம் இழுக்கும், தடுமாறும். எந்த வகை என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. ஏசி லோ, டிசி லோ: பலரும் தவறவிடும் இரண்டு கம்பிகள்

யூனிபஸ் பவர் சப்ளை வோல்டேஜ் மட்டும் தருவதில்லை. 'மின்சாரம் சரியாக இருக்கிறது' என்பதை ஏசி லோ, டிசி லோ என்ற இரண்டு சிக்னல்களாலும் பஸ்ஸுக்குத் தெரிவிக்கிறது. டிசி லோ தாழ்ந்த நிலையில் கிடந்தால் பிராசசர் ரீசெட்டிலேயே நிற்கும். விசிறி சுழலும், 5 வோல்ட் இருக்கும், பேனல் எதற்கும் அசையாது. அதைப் பார்த்துவிட்டு பிராசசர் சிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் இந்த இரண்டு கம்பிகளையும் அளந்து பாருங்கள்.

7. குறைந்தபட்ச அமைப்பு

எல்லா போர்டுகளையும் திருப்பிச் செருகும் ஆசையை அடக்குங்கள். பிராசசர், ஒரே ஒரு மெமரி போர்டு, டெர்மினலை இணைக்கும் சீரியல் போர்டு, பஸ்ஸின் இரு முனைகளிலும் ரெசிஸ்டர்கள் கொண்ட டெர்மினேட்டர்கள். இவ்வளவுதான். போர்டைச் செருகுவதும் எடுப்பதும் மின்சாரம் முழுக்க அணைந்திருக்கும்போது மட்டுமே.

செருகும் முன் ஸ்லாட்டின் வகையைப் பாருங்கள். வழக்கமான யூனிபஸ் ஸ்லாட்டும் 'மாற்றியமைத்த' யூனிபஸ் ஸ்லாட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பின்னதில் சில ஊசிகளில் மெமரிக்கான வோல்டேஜ்கள் ஓடும். ஒன்றுக்கான போர்டை மற்றதில் செருகினால் போர்டோ சப்ளையோ போய்விடும்.

அடுத்தது கிராண்ட் தொடர். பஸ்ஸைப் பயன்படுத்தும் அனுமதி ஒவ்வொரு ஸ்லாட் வழியாகவும் கைமாறிப் போகும். காலி ஸ்லாட்டில் அது அறுந்துவிடாமல் இருக்க ஜி727 என்ற சிறு அட்டையைச் செருக வேண்டும். டிஎம்ஏவுக்கான (பிராசசர் இல்லாமல் ஒரு போர்டு நேரடியாக மெமரியைத் தொடுவது) அனுமதிக்கு இன்னொரு கம்பி உண்டு: பேக்பிளேனில் சிஏ1, சிபி1 ஊசிகளுக்கு இடையிலான ஜம்பர். டிஸ்க் கன்ட்ரோலர் இருந்த ஸ்லாட்டில் அதை வெட்டியிருப்பார்கள். கன்ட்ரோலரை எடுத்துவிட்டால் ஜம்பரைத் திரும்பப் போட வேண்டும், அல்லது இரண்டு வேலையையும் செய்யும் ஜி7273 அட்டையைச் செருக வேண்டும். யூனிபஸ்ஸில் மற்ற சிக்னல்கள் தாழும்போது செயல்படும், கிராண்ட் மட்டும் உயரும்போது. தொடர் அறுந்தால் மிதக்கும் முனை 'அனுமதி வந்துவிட்டது' என்று படிக்கப்பட்டு, பஸ் முழுவதும் உறைந்துவிடும். 'செத்துவிட்டது' என்று கொண்டுவரப்படும் இயந்திரங்களில் நான் முதலில் தேடுவது இந்த அட்டையைத்தான்.

சுவிட்சைப் போட்டதும், எதையும் ஓட்டாமல் பஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக அளவெடுங்கள். டெர்மினேட்டரின் 180, 390 ஓம் ரெசிஸ்டர்கள் கம்பியை ஏறக்குறைய 3.4 வோல்ட்டில் நிறுத்தும். முகவரி, டேட்டா கம்பிகளில் ஏதாவது ஒன்று மட்டும் கீழே கிடந்தால், ஏதோ ஒரு போர்டின் டிரைவர் சிப் அதைப் பிடித்து இழுக்கிறது. மின்சாரத்தை அணைத்து, ஒரு போர்டை எடுத்து, மறுபடி அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

8. பேனலில் முதல் நிரல்

முதலில் நிரலே வேண்டாம். (கோர் மெமரி என்றால், நான்காம் படியில் சொன்னபடி உள்ளிருப்பதைப் படித்துச் சேமித்த பிறகே எழுதுங்கள்.) ஒரு முகவரியில் 000000 எழுதிப் படியுங்கள், பிறகு 177777. அப்புறம் ஒவ்வொரு பிட்டாக. ஒரே பிட் எல்லா முகவரியிலும் தப்பினால் முதலில் டேட்டா வழியைச் சந்தேகியுங்கள். சில முகவரிகளில் மட்டும் தப்பினால் மெமரியைச் சந்தேகியுங்கள். இந்த வித்தியாசம் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

அது சரியென்றால் 001000இல் 005200, 001002இல் 000776 என்று இரண்டு சொற்களை எழுதி 001000இலிருந்து ஓட்டுங்கள். முதலாவது ஆர்0 என்ற பிராசசர் பதிவகத்தில் ஒன்று கூட்டும், இரண்டாவது திரும்பக் குதிக்கும். சில நொடி கழித்து நிறுத்தி ஆர்0ஐப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மதிப்பு மாறியிருந்தால் பிராசசர் கட்டளையை எடுக்கிறது, கூட்டுகிறது, குதிக்கிறது. பிடிபி-8இல் இதே வேலைக்கு 0200இல் 7001, 0201இல் 5200. திரளகத்தின் (கூட்டல் நடக்கும் பதிவகம்) விளக்குகள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

9. கன்சோல்

கன்சோல் என்பது இயந்திரத்தோடு பேசும் டெர்மினல். அது சேரும் சீரியல் போர்டு 20 மில்லிஆம்பியர் கரண்ட் லூப்பா, ஆர்எஸ்-232ஆ என்று முதலில் பாருங்கள். இரண்டும் நேரடியாகப் பொருந்தாது. வேகம், பிட் எண்ணிக்கை, பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) மூன்றையும் போர்டின் ஜம்பரில் பார்த்து டெர்மினலில் அமையுங்கள்.

சோதிக்க நிரல் தேவையில்லை. 11/40 பேனலிலோ 11/34இன் விசைப்பலகையிலோ 777566 என்ற முகவரியை ஏற்றி, 000101 என்று எழுதுங்கள். திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' வர வேண்டும். வந்தால் பஸ், சீரியல் போர்டு, கேபிள், டெர்மினல் நான்கும் ஒரே அடியில் தேறிவிட்டன. குப்பை எழுத்து வந்தால் வேகமோ பாரிட்டியோ தவறு. புதியவர்கள் இங்கே 177566 என்று போட்டுவிட்டு எதுவும் வரவில்லை என்பார்கள். நிரலுக்குள் 16 பிட் முகவரியாக 177566, 18 பிட் பேனலில் 777566.

எல்எஸ்ஐ-11 போன்ற, யூனிபஸ்ஸுக்குப் பதில் கியூபஸ் என்ற பஸ் கொண்ட பிடிபி-11 இயந்திரங்களில் பேனல் கிடையாது. இயந்திரம் நின்றதும் ஓடிடி என்ற கன்சோல் வசதி '@' குறியோடு வரும். மெமரியைச் சோதிப்பதும் நிரல் ஏற்றுவதும் அதிலேயே செய்யலாம்.

10. சிப் பழுதைத் தேடுவது

டயக்னாஸ்டிக் நிரல்களை ஏற்ற டிஸ்க் தேவையில்லை. இரண்டாவது சீரியல் போர்டை 776500 முகவரியில் அமைத்து, இன்றைய கணினி ஒன்றில் டெக்கின் டியூ58 டேப் டிரைவைப் போலி செய்யும் எமுலேட்டரை ஓட்டினால் எக்ஸ்எக்ஸ்டிபி என்ற டெக்கின் டயக்னாஸ்டிக் தொகுப்பு அதன் வழியே ஏறும். எளிய சோதனையிலிருந்து கடினமானதற்குப் போங்கள். அடிப்படைக் கட்டளைச் சோதனை தேறாமல் மெமரி மேலாண்மைச் சோதனை சொல்லும் முடிவுக்கு மதிப்பில்லை.

பழுது தெரிந்ததும் அதே கட்டளையைச் சுழலில் ஓட விட்டு, வரைபடத்தில் பின்னோக்கி ஆசிலோஸ்கோப்பால் தொடருங்கள். 0.8 வோல்ட்டுக்குக் கீழோ 2.0 வோல்ட்டுக்கு மேலோ இல்லாமல் நடுவில் தொங்கும் வெளியீடு கண்டால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள். மூலத்தில் இருக்கும் சிப்பும் கெட்டிருக்கலாம், அடுத்ததன் உள்ளீடும் கெட்டிருக்கலாம். மாற்றும்போது பழைய சிப்பின் கால்களை முதலில் வெட்டி, காலை ஒவ்வொன்றாக உருகவிட்டு எடுங்கள். சிப் போனால் பரவாயில்லை, போர்டின் தடம் கிழியக் கூடாது. அந்த இடத்தில் சாக்கெட் போட்டுவிடுங்கள்.

சந்தேகத்தில் கைக்கு வந்த சிப்பையெல்லாம் மாற்றாதீர்கள். ஒவ்வொரு சால்டரிங்கும் புதுப் பழுதுக்கு ஒரு வாய்ப்பு.

11. டிஸ்க் டிரைவ், கடைசியில்

பிராசசர் பக்கம் முழுக்கத் தேறிய பிறகே டிரைவைத் தொடுங்கள். வடிகட்டியை மாற்றி, ஹெட்டுகளைச் சிறு கண்ணாடி வைத்துப் பார்த்து, பழுப்புக் கறை இருந்தால் ஆல்கஹாலால் துடையுங்கள். கார்ட்ரிட்ஜின் தட்டில் வட்டக் கீறல் தெரிந்தால் அதை டிரைவில் ஏற்றவே கூடாது. ஒரு கெட்ட கார்ட்ரிட்ஜ் ஹெட்டைக் கெடுக்கும், அந்த ஹெட் அடுத்த நல்ல கார்ட்ரிட்ஜைக் கெடுக்கும். ஆர்கே05 வேறு நாட்டிலிருந்து வந்ததென்றால் 50, 60 ஹெர்ட்ஸுக்கு மோட்டார் கப்பி வேறு. அதை மாற்றாமல் ஓட்டினால் தட்டின் வேகமே தப்பிவிடும்.

ஆர்எல்01, ஆர்எல்02 என்ற மற்ற டெக் டிரைவ்களின் கார்ட்ரிட்ஜ்களைக் காந்த அழிப்பானால் அழித்துவிட்டுப் புதிதாக ஃபார்மட் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஹெட்டுக்கு வழிகாட்டும் சர்வோ தகவல் தொழிற்சாலையில் அதே தட்டில் எழுதப்பட்டது. டிரைவால் அதைத் திரும்ப எழுத முடியாது. அழித்தால் கார்ட்ரிட்ஜ் போனது போனதுதான். தொடரின் கடைசி டிரைவில் டெர்மினேட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் முறை ஹெட்டை இறக்கும் முன், தட்டை மட்டும் வெகுநேரம் சுழல விட்டுத் தூசு வெளியேறட்டும். இதற்கு முக்கியமில்லாத கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்துங்கள். ஹெட் இறங்கியதும் காதைக் கொடுங்கள். கீச்சென்ற சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். எல்லாம் சரியாக ஓடினால், எழுத்துத் தடை பொத்தானை அழுத்தித் தடையைப் போட்டுவிட்டு, இருக்கும் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜையும் முழுவதும் படித்து நகலெடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். முந்தைய நிறுவனத்தின் ஆட்களைப் பற்றிய விவரம் இருந்தால் அதை வெளியே பகிர வேண்டாம். நகல் சரியா என்று சிம்எச்சில் ஏற்றிச் சோதித்த பிறகே எழுத்துத் தடையை எடுத்து, அதே இயந்திரத்தில் டெக்கின் ஆர்டி-11 இயங்குதளத்தை நிறுவத் தொடங்குங்கள்.